பாட்டுக்கு எழுத்து இல்லை

யாங்கூன் நகரின் மிங்கலா தாங்ஞுன்ட் பேட்டையில், ரயில் தடத்துக்குப் பின்புறம் இருக்கும் பழைய கட்டடம் ஒன்றின் நாலாம் மாடியில் கலா என்று ஒருத்தி குடியிருக்கிறாள். ஐம்பத்து மூன்று வயது. கல்யாணம் ஆகவில்லை. ஏன் ஆகவில்லை என்று கேட்டுவிட்டு அந்தப் படியை மறுபடி ஏறியவர் யாரும் கிடையாது. அவள் வாய் அப்படி. மூன்றாம் மாடிக்காரர்கள் வீட்டுக்கு விருந்தாளி வந்தால் முதலில் சொல்வதே, "மேல டோ கலா இருக்காங்க, படியில சத்தம் போடாம போங்க" என்பதுதான். டோ என்பது பர்மியில் மூத்த பெண்களுக்குப் போடும் மரியாதை.

இவளைப் பற்றி எழுத என்ன இருக்கிறது என்கிறீர்களா? இருக்கிறது. இங்கிலாந்து டிவியில் வருஷா வருஷம் ஒரு திறமைப் போட்டி நடக்கிறதே, தெரியுமா? பாடுகிறவர், ஆடுகிறவர், கத்தி விழுங்குகிறவர், நாயைப் பழக்கி வைத்திருப்பவர் என்று யார் வேண்டுமானாலும் மேடையேறலாம். வயதுக் கட்டுப்பாடு கிடையாது. பிடிக்காவிட்டால் நடுவர்கள் பொத்தானை அமுக்குவார்கள், தலைக்கு மேலே சிவப்பாக ஒரு பெரிய பெருக்கல் குறி எரியும். ஜெயித்தவர் அரச குடும்பத்துக்கு முன்னால் போய் வித்தை காட்டலாம். இரண்டாயிரத்து ஏழில் ஆரம்பித்தது. அந்த முதல் வருஷத்திலிருந்து அதற்கு பர்மிய மொழியில் சப்டைட்டில் போட்டு வருபவள் கலா. நிகழ்ச்சிக்காரர்களுக்கு அவள் யாரென்றே தெரியாது. அதைப் பற்றி அவளுக்குக் கவலையும் இல்லை. ஆனால் யாங்கூனில் அதன் சரித்திரம் முழுக்கத் தலைகீழ்ப் பாடமாகத் தெரிந்த ஒரே ஆள் அவள்தான்.

ஆரம்பித்து வைத்தது தாமுவேயில் வீடியோ கடை வைத்திருந்த அஸ்கர் பாய். கப்பலில் வேலை பார்த்த அவருடைய மச்சான் ஒருத்தர் எங்கெங்கோ இருந்து பதிவு செய்து கொண்டுவருவார். அஸ்கர் பாய் அதை சிடி தட்டு தட்டாகப் போட்டு வாடகைக்கு விடுவார். கடைக்குப் பின்னால் பெஞ்சு போட்டு ஒரு டிவியும் வைத்திருந்தார். இங்கிலீஷ் யாருக்குப் புரியும்? கலாவின் அப்பா தங்கவேலு துறைமுகத்தில் கணக்கப்பிள்ளையாக இருந்தவர், பிள்ளைகளை ரேடியோவுக்கு முன்னால் உட்கார்த்தி இங்கிலீஷ் செய்தி கேட்க வைத்தே வளர்த்தவர். அந்த இங்கிலீஷை நம்பி அஸ்கர் பாய் அவளைக் கூப்பிட்டார்.

வேலையைச் சொல்லிக் கொடுத்த முதல் நாளே அவர் ஒரு சட்டம் போட்டார். "தா பாரு கலா, பேசுறதுக்கு மட்டும் எழுத்து போடு. பாட்டு வந்தா ஒரு இசைக் குறியப் போட்டுட்டு விட்டுடு. பாட்ட எவன் படிக்கிறான்? பாட்டக் காதால கேக்கத்தான் செய்வான். உனக்கும் நேரம் மிச்சம், எனக்கும் மிச்சம்."

அது சரியாகத்தான் பட்டது. அன்றிலிருந்து கலாவின் சப்டைட்டிலில் பேச்சுக்கு எழுத்து, பாட்டுக்கு ஒரு குறி. பதினெட்டு வருஷம் அதே வழக்கம்.

பேச்சுக்கு அவள் போட்ட எழுத்து இருக்கிறதே, அதுதான் ஜனங்களைப் பெஞ்சில் உட்கார வைத்தது. அங்கே நடுவர் நாக்கு நுனியால் நாசூக்காக ஒரு குத்து விடுவார். கலா அதைத் தாமுவே மார்க்கெட்டில் மீன் விற்கிறவள் திட்டுகிற பாஷையில் போடுவாள். 'இது எனக்கு உகந்ததாக இல்லை' என்று அவர் சொன்னால், கீழே 'வீட்டில் கண்ணாடி இல்லையா, இதைக் காட்ட இவ்வளவு தூரம் வந்தாயா' என்று ஓடும். கடை அதிரும். அவள் கூட்டத்துக்குப் பின்னால் சுவரில் சாய்ந்து நின்று, தான் எழுதிய இடத்தில் ஜனங்கள் சிரிக்கிறார்களா என்று பார்த்துக்கொண்டிருப்பாள். அந்தச் சிரிப்பு தன்னுடையது என்று அவளுக்குத் தெரியும். வேறு யாருக்கும் தெரிய வேண்டும் என்று அவள் நினைத்ததில்லை.

முதல் வருஷம் செல்போன் விற்கிற ஒருத்தர் பெரிய கச்சேரிக்காரரைப் போலப் பாடி ஜெயித்தார். மூன்றாம் வருஷம் கிராமத்திலிருந்து ஒரு பெண்மணி வந்தாள். நாற்பத்தேழு வயது, கல்யாணம் ஆகாதவள். மேடையேறியதும் அரங்கமே இளக்காரமாகச் சிரித்தது. அவள் வாயைத் திறந்து பாடியதும் அத்தனை பேரும் எழுந்து நின்றார்கள். அஸ்கர் பாய் கடையில் பெஞ்சில் இருந்தவர்கள் எல்லாம் லுங்கி முனையால் கண்ணைத் துடைத்தார்கள். கலாவுக்கு அப்போது முப்பத்தேழு வயது. அவள் அழவில்லை. வீட்டுக்கு வந்து அம்மா காளியம்மாவிடம், "தெறம இருந்தா எந்திரிச்சு நிக்கிறாங்கம்மா. இல்லாதவ என்ன பண்ணுவா?" என்றாள். காளியம்மா, "நீ சோத்தச் சாப்புடு" என்றாள்.

பிறகு நாய் ஒன்று ஜெயித்தது. பிறகு தங்கப் பொத்தான் என்று ஒன்றைக் கொண்டுவந்தார்கள். அதை அமுக்கினால் மேலேயிருந்து தங்கக் காகிதமாகக் கொட்டும், ஆள் நேரே அடுத்த கட்டத்துக்குப் போய்விடலாம். இதெல்லாம் நடந்துகொண்டிருந்தபோது இங்கே எல்லார் கைக்கும் செல்போன் வந்துவிட்டது. தட்டு வாங்க ஆளில்லை. அஸ்கர் பாய் கடையை மூடிவிட்டு மகனோடு மலேசியா போய்விட்டார். கலா பேஸ்புக்கில் ஒரு பக்கம் ஆரம்பித்தாள். நாற்பதாயிரம் பேர் சேர்ந்தார்கள் என்றால் நம்புவீர்களா? சேர்ந்தார்கள். இவள் திட்டுவதைப் படிக்கவே சேர்ந்தார்கள்.

இரண்டாயிரத்து இருபத்தொன்றில் அந்த நிகழ்ச்சி நடக்கவில்லை. அங்கே தொற்றுநோய்க்குப் பயந்து நிறுத்திவிட்டார்கள். இங்கே ராணுவம் ஆட்சியைப் பிடித்த பிறகு என்னவெல்லாம் நடந்தது என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. ஜூலை மாதம் கலா ஆக்சிஜன் சிலிண்டருக்கு வரிசையில் நின்றுகொண்டிருந்தபோது வீட்டில் காளியம்மா போய்விட்டாள். தம்பி சுந்தர் பினாங்கிலிருந்து போனில் அழுதான். அப்பா முன்பே போயிருந்தார், நாலு பேர் இருந்த வீட்டில் கலா ஒருத்தியானது அந்த வருஷம்தான். சமைத்ததை எடுத்து வைக்க ஒரு தட்டு போதும் என்பது பழகவே அவளுக்கு ஒரு வருஷம் ஆயிற்று.

மறு வருஷம் நிகழ்ச்சி திரும்பி வந்தது. ஜனங்கள் திரும்பி வரவில்லை. பேஸ்புக்கைத் திறப்பதே பெரும்பாடாகிப் போனது. போனில் என்ன வைத்திருக்கிறாய் என்று தெருவில் நிறுத்திப் பார்க்கிற காலம். கலா டெலிகிராமுக்கு மாறினாள். பகலில் பர்கத்துல்லாவின் மொழிபெயர்ப்பு அலுவலகத்தில் வேலை. ஊரை விட்டுப் போகிறவர்களின் பிறப்புச் சான்றிதழ், குடும்பப் பட்டியல், கல்யாணப் பத்திரம் எல்லாவற்றையும் இங்கிலீஷில் போட்டுக் கொடுப்பாள். வரிசையில் நிற்பவர்கள் எல்லாம் இருபது முப்பது வயதுப் பிள்ளைகள். போய்விட்டு வருகிறேன் என்று ஒருத்தரும் சொல்வதில்லை. சாயங்காலம் நாலு மாடி ஏறி, மின்சாரம் இருந்தால் மின்சாரத்தில், இல்லாவிட்டால் பேட்டரியில், சப்டைட்டில்.

அங்கே சனிக்கிழமை ஒளிபரப்பாவது இவளுக்கு ஞாயிற்றுக்கிழமை கிடைக்கும். செவ்வாய்க்கிழமை எழுத்து போட்டு ஏற்றிவிடுவாள். போன வருஷம், அதாவது இரண்டாயிரத்து இருபத்தைந்தில், பார்க்கிறவர்கள் மொத்தமே கொஞ்சப் பேர். அதில் எழுதுகிறவர் ஒரே ஒருத்தர். மாண்டலேயில் தையல்காரர், பெயர் சிவானந்தன். புதன்கிழமை தவறாமல் எழுதுவார். பர்மியில்தான் எழுதுவார். நடுநடுவே பர்மிய எழுத்திலேயே ஒரு தமிழ் வார்த்தை வந்து விழும். கலாவை 'மமா' என்பார், பர்மியில் அக்காவுக்கு அதுதான். அவள் அவரை 'கோ சிவா' என்பாள், கோ என்பது ஆண்களுக்குப் போடும் மரியாதை. இரண்டு வருஷமாக இந்தப் புதன்கிழமைதான் அவளுக்கு வாரத்தில் ஒரு கிழமை. மீதி ஆறும் சும்மா வந்து போகும்.

ஆனால் ஆள் ஒரு தொல்லை. ஒவ்வொரு புதனும் ஒரே கேள்வி. "மமா, அந்தப் பச்சைச் சட்டைக்காரர் பாடினது என்ன பாட்டு? அதுல என்ன சொல்றாரு?" "மமா, அந்தப் பொண்ணு பாடும்போது நடுவர் ஏன் கண்ணத் தொடச்சாரு? பாட்டுல என்ன வருது?" கலா முதலில் ஒரு வரியில் பதில் போடுவாள். பிறகு அரை வரி. பிறகு, "பாட்டுன்னா காதல்தான், வேற என்ன இருக்கும்" என்று போடுவாள். திட்டிக்கொண்டேதான் பதில் போடுவாள், ஆனால் போடாமல் இருந்ததில்லை. புதன்கிழமை பத்து மணி தாண்டி அவர் எழுதவில்லையென்றால் அலுவலகத்தில் பர்கத்துல்லாவிடம் எரிந்து விழுவாள்.

மார்ச் மாதம் கடைசி வாரம். ஒரு சின்னப் பையன் பாடிய பாட்டைப் பற்றி சிவானந்தன் கேட்டார். அன்றைக்கு அவளுக்கு என்ன சனியன் பிடித்ததோ. பேட்டரி செத்துக் கிடந்தது, தண்ணீர் ஏறவில்லை, நாலு மாடிக்கும் வாளியில் சுமந்திருந்தாள். வியாழக்கிழமை சாயங்காலம் இப்படி ஒரு பதில் போட்டாள்: "கோ சிவா, கடவுள் ஆளுக்கு ரெண்டு காது குடுத்திருக்காரு. அத வச்சுக்கிட்டு என்ன பண்றீங்க? கொஞ்சம் அதால கேட்டுப் பாருங்க."

அவர் படித்ததற்கு அடையாளமாக இரண்டு கோடு விழுந்தது. பதில் இல்லை. கோபித்துக்கொண்டிருப்பார், புதன்கிழமை வரட்டும் என்று இருந்துவிட்டாள்.

மறுநாள் வெள்ளிக்கிழமை, மத்தியானம் ஒரு மணி ஆகப் போகிறபோது, அலுவலகத்தில் மின்விசிறி தானாக ஆடியது. ஜனங்கள் தெருவுக்கு ஓடினார்கள். யாங்கூனில் அவ்வளவுதான். சாயங்காலம்தான் தெரிந்தது, நிலநடுக்கத்தில் மாண்டலே சரிந்து கிடக்கிறது என்று. சுந்தர் பினாங்கிலிருந்து கூப்பிட்டு, "ஒனக்கு ஒண்ணுமில்லியே?" என்றான். "எனக்கு என்ன வரும்" என்றாள். இரண்டு நிமிஷத்தில் வைத்துவிட்டான்.

டெலிகிராமில் சிவானந்தன் பெயருக்குக் கீழே, 'கடைசியாகப் பார்த்தது வெள்ளிக்கிழமை காலை' என்று இருந்தது. அது மாறவில்லை. சனிக்கிழமை மாறவில்லை. புதன்கிழமையும் மாறவில்லை.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது, அந்த மனிதரைப் பற்றித் தனக்கு ஒன்றும் தெரியாது. எந்தப் பேட்டை, எந்தத் தெரு, வீட்டில் யார், ஒன்றும் கேட்டதில்லை. கேட்டதெல்லாம் அவர்தான், அதுவும் பாட்டைப் பற்றி. அந்த வாரமும் அதற்கடுத்த வாரங்களும், பதினெட்டு வருஷத்தில் முதல் தடவையாக, சப்டைட்டில் போடவில்லை. மாண்டலேக்காரர் யாராவது காகிதம் மொழிபெயர்க்க வந்தால், "அங்க சிவானந்தன்னு ஒரு டெய்லர்..." என்று ஆரம்பிப்பாள். "ஒங்களுக்கு என்ன வேணும் அவரு?" என்று கேட்பார்கள். என்ன சொல்வது? துக்கப்படுவதற்குக்கூட ஒரு உறவுப்பெயர் வேண்டியிருக்கிறது. காளியம்மன் கோயிலுக்குப் போனாள். விளக்கேற்றிவிட்டு அம்மனையே நாலு வார்த்தை திட்டிவிட்டு வந்தாள். வரும் வழியில் தன்னைத் திட்டிக்கொண்டாள். கடைசியாகச் சொன்னது என்ன, காது இருக்கிறதே என்றா? சாகப் போகிற ஒருத்தரிடம் சொல்லுகிற வார்த்தையா அது?

தினமும் கூப்பிட்டுப் பார்த்தாள். இணைப்பே கிடைக்கவில்லை. புது வருஷத் தண்ணீர்த் திருவிழா வந்து, ஆட்டம் பாட்டம் இல்லாமல் போனது. அதற்கு அடுத்த திங்கட்கிழமை காலை, மொஹிங்கா என்கிற மீன்குழம்புச் சேமியாவை வாங்கி வந்து கிண்ணத்தில் ஊற்றும்போது போனைப் பார்த்தாள். சிவானந்தன் பெயருக்குக் கீழே 'இப்போது இருக்கிறார்' என்று பச்சையாக எரிந்தது. மொஹிங்கா பாதி மேஜையில் போயிற்று. கூப்பிட்டாள். மூன்றாவது மணியில் ஒரு பெண் குரல் பர்மியில், "யாரு?" என்றது.

"நான் யாங்கூன் கலா. சிவானந்தன் இருக்காரா? உயிரோட இருக்காரா?" என்று தமிழிலேயே கேட்டுவிட்டாள்.

அந்தப் பக்கத்திலிருந்தும் தமிழ் வந்தது. "இருக்காருக்கா. நான் அவரு தங்கச்சி ரூபா. நீங்கதான் அந்த லண்டன் நிகழ்ச்சி அக்காவா? அண்ணன் ஒங்களப் பத்திச் சொல்லிக்கிட்டே இருப்பாரு. கால்ல அடி, முழங்காலுக்குக் கீழ எடுத்துட்டாங்க. போன் நொறுங்கிப் போச்சு, நேத்துதான் ரிப்பேர் பண்ணி வந்துச்சு."

கலா நாற்காலியில் உட்கார்ந்தாள். "அவருகிட்ட குடும்மா. ஒரு வார்த்த பேசணும்."

"பேசவா?" என்றாள் ரூபா. "அக்கா, அண்ணனுக்குக் காது கேக்காதே. ரெண்டு வயசுல காய்ச்சல் வந்ததுலேர்ந்து கேக்காது. வாய்ப் பேச்சும் வராது. காது கேக்காத பிள்ளைங்க பள்ளிக்கூடத்துலதான் தையல் கத்துக்கிட்டாரு. ஒங்களுக்குத் தெரியாதா?"

ரூபா தானாகவே சொல்லிக்கொண்டு போனாள். கட்டடம் இடிந்து அண்ணன் உள்ளே மாட்டிக்கொண்டார். மீட்பு ஆட்கள் வந்து, "யாராவது இருக்கீங்களா?" என்று கத்துவார்கள், பிறகு பேச்சில்லாமல் நின்று பதில் வருகிறதா என்று கேட்பார்கள். மாட்டிக்கொண்ட மற்றவர்கள் அந்தக் குரல் கேட்டால் தட்டுவார்கள், இல்லாவிட்டால் தெம்பைச் சேர்த்து வைத்துக்கொண்டு சும்மா இருப்பார்கள். இவருக்கு யார் எப்போது கூப்பிடுகிறார்கள் என்று எப்படித் தெரியும்? கையில் கிடந்த கத்திரிக்கோலால் தண்ணீர்க் குழாயைத் தட்டிக்கொண்டே இருந்திருக்கிறார். ஒன்றரை நாள். நிறுத்தவே இல்லை. "வெரலெல்லாம் தோலு உரிஞ்சு போச்சுக்கா" என்றாள் ரூபா.

போனை வைத்த பிறகு கலா அழுதாள். அம்மாவுக்குக்கூட அப்படி அழவில்லை. இரண்டு வருஷமாக அந்த ஆள் கேட்டதற்கெல்லாம் அர்த்தம் இப்போது வரிசையாக வந்து நின்றது. மேடையில் ஒருத்தன் வாயைத் திறந்து மூடுகிறான், ஜனங்கள் அழுகிறார்கள், கீழே ஒரு குறி மட்டும் கிடக்கிறது. அந்த நிகழ்ச்சியில் பாதி பாட்டு. பாதி நிகழ்ச்சியை அவள் அவருக்குக் கொடுக்கவே இல்லை. பதினெட்டு வருஷத்தில் இப்படி எத்தனை பேரோ! "பாவி நான்" என்று சத்தமாகவே சொன்னாள். கேட்கத்தான் அங்கே ஆளில்லை.

அன்றைக்கே மன்னிப்புக் கேட்டு நீளமாக எழுதினாள். ஒரு கும்பிடு வந்தது. 'பரவாயில்லை மமா' என்று வந்தது. அவ்வளவுதான்.

கலா வேலையில் இறங்கினாள். விட்டுப்போன வாரங்களையும் சேர்த்து, அந்த வருஷத்துப் பாட்டுகள் எல்லாவற்றுக்கும் எழுத்து போட்டாள். காதில் ஹெட்போனை மாட்டி ஒரு வரியைப் பத்து முறை ஓடவிட்டுக் கேட்டாள். பாட்டென்றால் பெரிய தத்துவம் இருக்கும் என்று இத்தனை வருஷம் நினைத்திருந்தாள். பாதிப் பாட்டில் விஷயமே இல்லை! என்னை விட்டுப் போகாதே, போகாதே, போகாதே என்று நாற்பது முறை வருகிறது. அதற்காகவா அந்த நடுவர் அழுதார்? இல்லை, குரலுக்காக அழுதார். அதை எப்படி எழுத்தில் போடுவது? யோசித்து யோசித்துப் போட்டாள். 'இங்கே குரல் மெல்ல ஏறுகிறது.' 'இங்கே மூச்சு முட்டுகிறது, ஆனாலும் விடாமல் பிடிக்கிறாள்.' 'இங்கே பையனின் குரல் உடைகிறது, அதை மறைக்க இன்னும் சத்தமாகப் பாடுகிறான்.' அலுவலகத்துக்கு லீவு போட்டுச் செய்தாள். செய்யும்போதெல்லாம் சிவானந்தன் படித்துவிட்டு என்ன எழுதுவார் என்று நினைத்துக்கொள்வாள்.

அவர் எழுதினார். "நன்றி மமா. ரொம்ப அழகா இருக்கு. இப்பத்தான் எல்லாம் புரியுது." கலா பதிலுக்கு, "உடம்ப பாத்துக்கங்க தம்பி, நல்லா சாப்பிடுங்க, ஓய்வு எடுங்க" என்று எழுதினாள். அவள் வாயிலிருந்து வந்த வார்த்தைகளா அவை என்று அவளுக்கே சந்தேகம். அடுத்த புதன், "நன்றி மமா." அதற்கடுத்த புதன் ஒரு கும்பிடு. பிறகு வந்த இரண்டு புதனும் ஒன்றுமில்லை. பார்த்துவிட்டார் என்று மட்டும் காட்டியது.

உடம்புக்கு ஏதாவது ஆகிவிட்டதா என்று ரூபாவைக் கூப்பிட்டாள்.

"நல்லாத்தான் இருக்காருக்கா. தையல் மெஷினுக்கு மோட்டார் மாட்டிக் குடுத்திருக்கோம், ஒத்தக் கால்லயே தைக்கிறாரு" என்றாள் ரூபா. "ஒண்ணு சொன்னா கோவிச்சுக்கக் கூடாது. என்மேல கோவமா இருக்காரு. ஏன் அவங்ககிட்ட சொன்னேன்னு கேக்குறாரு. சின்ன வயசுலேர்ந்து எல்லாரும் பாவம் பாத்துத்தான் அவருகிட்ட நடந்துக்குவாங்க. 'அவங்க ஒருத்தங்கதான் எனக்குக் காது கேக்கும்னு நெனச்சுக்கிட்டு இருந்தாங்க, அதான் அப்படித் திட்டுவாங்க, இப்ப அவங்களும் எல்லாரையும் போல ஆயிட்டாங்க'ன்னு கையால சொல்லிட்டு திரும்பிப் படுத்துக்கிட்டாரு. அதோட, பாட்டெல்லாம் நீங்க எழுதிட்டீங்களா, இப்ப அவருக்குக் கேக்குறதுக்கு என்னக்கா இருக்கு?"

கலா வெகுநேரம் பால்கனியில் நின்றாள். கீழே ஒவ்வொரு மாடியிலிருந்தும் கயிறும் மணியும் தொங்கிக்கொண்டிருந்தன. யாரோ யாருக்கோ கீரைக்கட்டைக் கயிற்றில் மாட்டி மணியை ஆட்டினார்கள். நல்லது செய்கிறேன் என்று போய், இருந்த ஒரே புதன்கிழமையையும் தன் கையாலேயே மூடிவிட்டோம் என்று அவளுக்குத் தெரிந்துபோயிற்று. அந்த மனிதரைத் திட்டி நாலு வரி எழுத உட்கார்ந்தாள். அடித்து அடித்து அழித்தாள். கால் போனவரை, காது கேட்காதவரை, எதைச் சொல்லித் திட்டுவது? திட்டு வரவே இல்லை. கலாவுக்கு, யாரிடம் வேண்டுமானாலும் எந்த நேரமும் வருகிற அந்தத் திட்டு, வரவில்லை.

மே மாதக் கடைசி. இறுதிப் போட்டிக்கு முந்தைய வாரம். கறுப்புக் கோட்டு போட்ட ஒருத்தர் மூன்றாவதாக வந்து ஒரு பாட்டுப் பாடினார். நடுவர் வரிசையில் இருந்த அம்மா ஒருத்தி முகத்தை மூடிக்கொண்டாள். மற்ற எல்லாப் பாட்டுக்கும் எழுத்து போட்ட கலா, இதற்கு மட்டும் போடவில்லை. பழையபடி ஒரு குறி. போட்டதும் குறுகுறுத்தது. காது கேட்காத மனிதரிடம் இப்படி ஒரு வேலையா என்று எடுத்துவிடப் போனாள். எடுக்காமலேயே ஏற்றிவிட்டாள்.

புதன்கிழமை தலைவலி என்று பர்கத்துல்லாவிடம் சொல்லிவிட்டு வீட்டில் இருந்தாள். ஒன்பது மணிக்கு மின்சாரம் போனது. போனை மேஜையில் வைத்து, சோறு வடித்தாள், துணி மடித்தாள், மடித்த துணியையே மறுபடி மடித்தாள். பதினொரு மணிக்குப் போன் அதிர்ந்தது.

"மமா, கறுப்புக் கோட்டுக்காரர் பாட்டுக்கு எழுத்து இல்லை. உங்களுக்கு கரண்ட் போயிருக்கும். பரவாயில்லை. சிரமப்பட வேண்டாம்."

கலா இரண்டு முறை படித்தாள். "பரவாயில்லையாம்!" என்றாள் வெறும் வீட்டைப் பார்த்து. "பெரிய மனுசன், பரவாயில்லையாம்!" கை தானாகப் போனை எடுத்தது. யோசிக்காமல் அடித்தாள்.

"நேத்து கரண்ட் எல்லாம் இருந்துச்சு. வேணும்னேதான் விட்டேன். நீங்க என்ன பாட்டுன்னு எழுதுவீங்கன்னு விட்டேன். ரெண்டு புதனா நீங்க எழுதலை. எனக்கு எழுதுறதுக்கு வேற யாரும் இல்லை."

அனுப்பிய பிறகுதான் எழுதியதைப் படித்தாள். ஐம்பத்து மூன்று வருஷத்தில் இதை யாரிடமும் சொன்னதில்லை. அம்மாவிடம் இல்லை, சுந்தரிடம் இல்லை. அழித்துவிடலாம் என்று விரலை வைப்பதற்குள் இரண்டு கோடு விழுந்துவிட்டது. வெட்கமாக இருந்தது. அந்த மனிதர் என்ன நினைப்பார்? போனைக் கவிழ்த்து வைத்தாள். நிமிர்த்தினாள். அந்தப் பக்கம் எழுதுவதாகக் காட்டியது, நின்றது, மறுபடி எழுதுவதாகக் காட்டியது.

"அப்படின்னா சொல்லுங்க. என்ன பாட்டு அது? எதுக்கு அந்தம்மா முகத்தை மூடிக்கிட்டாங்க? முதல் வரியிலேர்ந்து ஒண்ணு விடாம சொல்லுங்க. சீக்கிரம். எனக்குத் தைக்கிற வேலை இருக்கு."

கலாவுக்குக் கண் நிறைந்துவிட்டது. எழுத்து தெரியாமல் கலங்கிப் போயிற்று. அப்படியே அடித்தாள்:

"அவசரம் என்ன, ரயிலா கிளம்புது? நானே இன்னும் அந்தப் பாட்டச் சரியாக் கேக்கலை. நான் சொல்ற வரைக்கும் கைய வச்சுக்கிட்டுச் சும்மா இருங்க."

அனுப்பிவிட்டு, முந்தானை இல்லாத குறைக்குத் கட்டியிருந்த தமேன் லுங்கியின் ஓரத்தை இழுத்து மூக்கைத் துடைத்துக்கொண்டு, ஹெட்போனை மாட்டி, பாட்டை முதலிலிருந்து போட்டாள்.